சட்டாம்பிள்ளை முதல் பணித்தொகுப்பு வரை

0. முன்னுரை

தில்லி மோதி பாக் பகுதியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும், மாவட்டக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றும் உள்ளன. பின்னதைப் போன்ற நிறுவனங்கள் 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாகத் தோன்றியவை. ஆசிரியர் பயிற்சியில் இன்று வலியுறுத்தப்படும் இரு கூறுகள், உடன்பயில்வோரிடம் கற்றலும் பயில்வோர் தம் பணிகளைத் தொகுத்து ஆராய்தலும் ஆகும். இவை முற்றிலும் மேலைநாட்டு வரவுகளா என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

1. திண்ணைப் பள்ளியும் சென்னை முறையும்

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது வழக்கம். மணலில் எழுத்துப் பழகிய மாணவர் பின்னர் ஓலையில் எழுதினர். இப்பள்ளிகள் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது, உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே பாடம் நடத்தினார். இதனை விளக்கும் அவரது அறிக்கை 1797இல் இலண்டனில் வெளிவந்தது. 'சென்னை முறை' எனப் பெயர் பெற்ற இது, 1811இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் பள்ளிகள் வழி இங்கிலாந்தில் பரவியது.

ஆயின் அங்கு அதன் நோக்கம் குறைந்த செலவில் மிகுதியானோருக்குக் கற்பித்தலாகச் சுருங்கியது. மனப்பாடமே மிஞ்சியது. 1846இல் ஐந்தாண்டுப் பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் திட்டம் வந்தபின் அம்முறை மங்கியது. சிறுவர் கற்பித்தது இதன் குறையன்று. கற்பித்ததைக் குறித்துச் சிந்திக்க அவர்களுக்கு இடமளிக்காமையே குறை எனலாம்.

2. நுண்ணிலைக் கற்பித்தல்

அக்குறையை நீக்கும் முயற்சியாக 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தலைக் கருதலாம். இந்திய வடிவில் ஒரு சுற்று 36 நிமிடங்கள்: கற்பித்தல் 6, கருத்துரை 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுகருத்துரை 6. இங்கு உடன்பயில்வோரே மாணவராகவும் நோக்குநராகவும் அமைகின்றனர். மிகுந்த நேரம் மறுதிட்டத்திற்கு ஒதுக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது.

3. பணித்தொகுப்பு

1980களின் பிற்பகுதியில் அதே பல்கலைக்கழகத்தில் லீ ஷுல்மன் குழுவினர் ஆசிரியரை மதிப்பிடப் பணித்தொகுப்பைப் பயன்படுத்தி ஆய்ந்தனர். பாடத்திட்டம், மாணவர் எழுத்து, ஆசிரியரின் தற்சிந்தனைக் குறிப்பு ஆகியன அதில் இடம்பெறும். இந்தியாவில், 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். படிப்பு இரண்டாண்டாக நீண்டபோது இதற்கான காலமும் கிடைத்தது.

4. முடிவுரை

உடன்கற்றல் நமக்குப் புதிதன்று. அதனை எழுதிப் பார்த்து ஆராய்தலே புதிது. சென்னை முறை சிக்கனத்தால் சீர்கெட்டது. பணித்தொகுப்போ, மதிப்பெண்ணுக்காக ஒருவர் எழுதியதைப் பிறர் பார்த்தெழுதும் கோப்பாகிவிடின் அதே நிலையை அடையும். தோழர் படித்துக் கேள்வி எழுப்பி, எழுதியவர் திருத்திய ஒரு பக்கம், எவரும் படியாத நூறு பக்கங்களினும் மேலானது. பயிற்சி நிறுவனங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.