ஜகார்த்தாவில் வென்றவர்கள்

கல்கத்தா நகரின் நடுவே, வில்லியம் கோட்டையைச் சுற்றி விரிந்து கிடக்கும் மைதானம் என்னும் பெரும் புல்வெளி இராணுவத்துக்கு உரியது. அங்கே நிரந்தரமான கட்டடம் எழுப்பத் தடை இருந்தமையால், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பழைய கழகங்கள் தங்கள் இருப்பிடத்தை இன்றளவும் 'டென்ட்' என்றே வழங்கி வருகின்றன. அவற்றில் ஒன்றுக்காகப் பந்தாடிக் கீர்த்தி பெற்ற ஒருவர் எவ்வளவு முதிர்ந்த வயதில் காலமானாலும், அவருடைய சரீரத்தை மயானத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் அந்த டென்டின் முன்னே சற்று நேரம் இறக்கி வைத்து, மார்பின்மீது கழகத்தின் கொடியைப் போர்த்தி, கூட விளையாடி எஞ்சியிருக்கும் கிழவர்களும், அவர் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தேயிராத இளைஞர்களும் வரிசையில் நின்று மலர் சாத்துவது அந்நகரத்தாரின் வழக்கம். வெறுங்காலோடு ஆடி வெள்ளையர் படைக் குழுக்களைத் தடுத்து நிறுத்திய கோஷ்ட பால் 1976இல் மறைந்தபின், மைதானத்தின் ஓரத்திலேயே அவருக்குச் சிலையும் நிறுவினார்கள். ஆடும் நாளில் கைதட்டுகிற ஊர்கள் பல உண்டு. ஆட்டத்தை நிறுத்தி அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் ஆட்டக்காரனுக்காகத் தெருவில் வந்து நிற்கிற ஊர் நம் தேசத்தில் கல்கத்தாவைப் போல வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

அப்படிப்பட்ட ஊரிலே, 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி பி.கே. பானர்ஜியும், ஏப்ரல் 30ஆம் தேதி சுனி கோஸ்வாமியும் அடுத்தடுத்துக் காலமானபோது, முன்னவர் விஷயத்தில் நோய்த்தொற்றின் அச்சமும், பின்னவர் விஷயத்தில் முழு ஊரடங்கும் குறுக்கே நின்றன. மோகன் பகானைத் தவிர வேறு கழகத்தின் சட்டையை அணிந்தறியாதவரும், பதினைந்து ஆண்டுகள் அந்த டென்டையே தம் வீடாகப் பாவித்தவருமான சுனியை வழியனுப்ப, லட்சம் பேர் திரண்டிருக்க வேண்டிய நாளில், ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் கோவாவில் பார்ச்சுனாட்டோ பிராங்கோவும், ஆகஸ்டில் கேரளத்தில் ஓ. சந்திரசேகரும் மறைந்தனர். 2023 பிப்ரவரி 16ஆம் தேதி துளசிதாஸ் பலராம் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குள் மறைந்த இந்த ஐவரும், 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்ற இந்தியக் குழுவினர். அதன்பின் அந்தத் தங்கம் நமக்குக் கிட்டவேயில்லை.

இவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று அக்காலத்தில் யாரும் அழைத்ததில்லை. சட்டப்படி அவர்கள் அனைவரும் பொழுதுபோக்காக ஆடியவர்களே. ஆனால் வாழ்க்கை முழுவதையும் பந்துக்கே ஒப்புக்கொடுத்தவர்களுக்கு உணவளித்தது வேறொரு உத்தியோகம். பி.கே. கிழக்கு ரயில்வேயின் ஊழியர். பெரிய கழகங்கள் எவ்வளவோ அழைத்தும் போகாமல், 1958இல் அந்த ரயில்வே குழுவையே கல்கத்தா லீகின் வெற்றிப் பீடத்தில் ஏற்றியவர். சந்திரசேகர் பம்பாயில் கால்டெக்ஸ் கம்பெனிக்காகவும், பிராங்கோ டாட்டா நிறுவனத்துக்காகவும், யூசுப் கான் ஹைதராபாத் போலீஸுக்காகவும் ஆடினார்கள். ஆறடிக்கு மேல் ஓங்கி வளர்ந்து, கோல் கம்பத்தடியிலிருந்து உதைத்த பந்தை எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோய் இறக்கிய பீட்டர் தங்கராஜை உருவாக்கியது வெலிங்டனில் இருந்த மதராஸ் ரெஜிமெண்ட் மையம். அந்தப் படைக் குழு 1955, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது என்பதை இன்று நீலகிரியிலேயே எத்தனை பேர் அறிவார்கள்? சம்பளம் உத்தியோகத்துக்கு, புகழ் பந்துக்கு. கால் தளர்ந்தபின் மிஞ்சியது பெரும்பாலும் அந்த உத்தியோகத்தின் ஓய்வூதியம் ஒன்றே.

ஜகார்த்தாவின் கதை அடிக்கடி சொல்லப்படுகிறதாயினும், அதில் வெற்றியைச் சொல்லுகிறவர்கள் அதற்கு முன் நின்ற தடைகளை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசிய அரசு அனுமதி மறுத்தமையால், இப்போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்னும் பெயர் பொருந்தாதென்று இந்தியரான ஜி.டி. சோந்தி அபிப்பிராயம் தெரிவிக்க, ஊர் கொதித்தெழுந்தது. இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் நம் தூதரகத்தின்மீதே ஒரு கும்பல் பாய்ந்தது. பந்தோடு மட்டுமே சம்பந்தமுள்ள அந்த இளைஞர்கள் மறுநாள் செனாயன் அரங்கில் இறங்கியபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அவர்களுடைய தேசிய கீதத்தையே கூச்சலிட்டு அமிழ்த்தினார்கள். முதல் ஆட்டத்தில் இதே கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்ற குழு அது. தாய்லாந்துடன் ஆடுகையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. காய்ச்சலில் படுத்த தங்கராஜ் அரையிறுதியில் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் கோல் காத்தார்.

இந்த நிலையில் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் செய்த காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பின்னணியில் அரண்போல் நிற்க வேண்டிய ஜர்னைலை, தலையில் கட்டுடன், முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டுப்போட்ட தலையால் பந்தை முட்டுகிற தைரியம் அந்தச் சீக்கியருக்கு உண்டென்பதைப் பள்ளி ஆசிரியராக இருந்து மனிதர்களைப் படித்தறிந்த ரஹீம் ஒருவரே கண்டிருக்க வேண்டும். தென் வியட்நாமுடன் நடந்த அரையிறுதியில் சுனி இரண்டு கோலும் ஜர்னைல் ஒன்றும் போட்டு, மூன்றுக்கு இரண்டு என்று கரை சேர்த்தார்கள். இறுதியாட்டத்தின் 17ஆம் நிமிஷத்தில் பி.கே., 20ஆம் நிமிஷத்தில் மறுபடியும் ஜர்னைல். கொரியர் ஒன்றைத் திருப்பியடிக்க 85ஆம் நிமிஷம் ஆகிவிட்டது. காய்ச்சல் தெளிந்து எழுந்து வந்த தங்கராஜே அன்று கம்பத்தடியில் நின்றார். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 1963 ஜூன் 11ஆம் தேதி, ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

பலராமைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செகந்தராபாத் கண்டோன்மெண்டை அடுத்த அம்முகூடாவில், ஏழ்மையான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாயார் பெயர் முத்தம்மா. போலீஸார் கழித்துப் போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, அதை மாட்டிக்கொண்டு ஆடக் கற்றார் என்பார்கள். அவரிடம் என்ன இருக்கிறதென்று முதலில் அடையாளம் கண்டவரும் ரஹீமே. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் ஸ்தானம் பெற்ற 1956ஆம் ஆண்டில் பலராம் அக்குழுவில் இருந்தார். 1960இல் ரோமாபுரியில் ஹங்கேரியர் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் நம்மை வெல்ல முடிந்ததென்றால், அந்த ஒன்று பலராமின் காலிலிருந்து பிறந்தது. பி.கே. வலப்புற ஓரத்தில் வேகத்தாலும், சுனி பந்தைப் பாதத்தோடு பிணைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றும் லாவகத்தாலும் ஜனங்களைக் கவர்ந்தார்கள். பலராமோ முன்வரிசையில் எங்கு நிறுத்தினாலும் ஆடி, வேண்டும்போது பின்னே இறங்கிப் பந்தைப் பறித்து வந்து மற்றவருக்கு வழி திறந்து கொடுத்தவர். பிறருடைய கோலுக்காக ஓடிய ஓட்டம் பத்திரிகையின் கணக்கில் ஏறுவதில்லை. ஆயினும் 1961இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைமை ஏற்று லீகை வென்று கொடுத்த ஆண்டில், அந்த லீகிலேயே மிகுதியான கோல் போட்டவரும் அவரே.

நுரையீரல் நோய், இருபத்தேழு வயதளவில், எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உயிரோடிருந்த அவர், ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாராவில் ஒரு சிறு குடியிருப்பில் தனியே வாழ்ந்தார். தாம் மறக்கப்பட்டதைப் பற்றிய மனத்தாங்கலை அவர் மறைத்ததில்லை. கேட்க வந்தவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அதை முதுமையின் கசப்பென்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான வழக்காகவே தோன்றுகிறது. பி.கே., சுனி, பலராம் என்று மூவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய தேசம், சுனிக்கு 1983இலும் பி.கே.வுக்கு 1990இலும் பத்மஸ்ரீ அளித்தது. சுனியின் உருவத்தைத் தபால் தலையிலும் பொறித்தது. பலராமுக்கு 1962இல் கிடைத்த அர்ஜுனா விருதோடு சரி. ரஹீமுக்கு அதுவும் இல்லை. அவரைப் பற்றி 'மைதான்' என்ற இந்திப் படம் 2024இல் வெளிவந்தபோது, அதில் நடிகர்கள் பூண்ட வேஷத்தைக் கண்டு மகிழ மூவரில் ஒருவரும் உயிரோடில்லை.

மறைந்தவர்களுக்குப் பத்ம விருதுகளைச் சாதாரணமாக அளிப்பதில்லை என்றாலும், மிகுந்த தகுதியுடையவர் அண்மையில், அதாவது குடியரசு தினத்துக்கு முந்தைய ஓராண்டுக் காலத்துக்குள், காலமாகியிருந்தால் பரிசீலிக்கலாம் என்று அவ்விருதுகளின் விதி இடங்கொடுக்கிறது. பலராமுக்கு அந்தக் கெடு 2024 ஜனவரி 26ஆம் தேதி முடிந்தது. அதற்கு முந்தின நாள் வெளியான பட்டியலில் அவர் பெயர் இல்லை.