விளக்கம்: 'பாவமன்னிப்புச் சீட்டு' இன்னும் இருக்கிறதா? கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பலன்' என்றால் என்ன?

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மார்ட்டின் லூதரைப் பற்றிப் படித்தவர்களுக்கு 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற சொல் கட்டாயம் நினைவிருக்கும். காசு கொடுத்தால் பாவம் போகும் என்று விற்றார்கள், லூதர் எதிர்த்தார், திருச்சபை பிளந்தது. பாடம் அதோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருந்த நம்பிக்கை முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பர் 24 முதல் 2026 ஜனவரி 6 வரை கத்தோலிக்கர்கள் கொண்டாடிய யூபிலி ஆண்டின் முக்கிய அம்சமே 'பரிபூரண பலன்'தான். அப்படின்னா அன்றைக்கு விற்றதும் இன்றைக்குக் கொடுப்பதும் ஒன்றா? பார்க்கலாம்.

பலன் என்றால் பாவமன்னிப்பா?

இல்லை. பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான்.

கத்தோலிக்கப் போதனைப்படி பாவத்துக்கு மன்னிப்பு கிடைப்பது மனஸ்தாபத்தாலும் பாவசங்கீர்த்தனத்தாலும். அதாவது, குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டு, கடவுளிடம் மன்னிப்புப் பெறுவது. பலன் என்பது அதற்கு அடுத்த கட்டம். மன்னிக்கப்பட்ட பிறகும் பாவம் விட்டுச் செல்லும் விளைவு ஒன்று உண்டு, அதை 'தற்காலிகத் தண்டனை' என்கிறார்கள். அதை நீக்குவதோ குறைப்பதோதான் பலன்.

ஓர் உதாரணம். கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை ஒருவர் தள்ளிவிட்டு, கண்ணாடியை உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் போய் மன்னிப்பு கேட்கிறார். அவரும் 'சரி, விடுங்க' என்கிறார். பகை தீர்ந்தது. ஆனால் உடைந்த கண்ணாடி அப்படியேதானே இருக்கிறது? சட்டென்று கைநீட்டும் அந்தக் கோப குணமும் போய்விடவில்லை. இரண்டையும் சரிசெய்யணும். இந்த மிச்சக் கணக்கை இந்த வாழ்க்கையில் செபம், தவம், நற்செயல்களால் தீர்க்கலாம். தீராதது இறந்த பின் உத்தரிக்கும் ஸ்தலத்தில் தீரும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை.

அதைக் குறைக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கிறிஸ்துவின் பாடுகளாலும், மாதா மற்றும் புனிதர்களின் நற்செயல்களாலும் சேர்ந்த அளவில்லாத அருள் திருச்சபையின் பொதுச் சொத்து என்பது இதன் அடிப்படை. இதை 'திருச்சபையின் கருவூலம்' என்பார்கள். 1343-ல் ஆறாம் கிளமென்ட் என்ற போப் இதை ஆவணமாக எழுதிவைத்தார். பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல்களைக் கொடுப்பதாக இயேசு சொன்னதை மேற்கோள் காட்டி, அந்தக் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்கிறது திருச்சபை.

என்ன செய்தால் கிடைக்கும்?

பலனில் இரண்டு வகை. தண்டனை முழுவதையும் நீக்குவது பரிபூரண பலன். ஒரு பங்கை நீக்குவது பகுதிப் பலன். பரிபூரண பலன் பெற, குறிப்பிட்ட ஒரு பக்திச் செயலோடு நான்கு நிபந்தனைகள் உண்டு:

- பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செயலுக்கு முன்போ பின்போ சுமார் 20 நாட்களுக்குள் செய்தால் போதும்.
- நற்கருணை வாங்க வேண்டும்.
- போப்பின் கருத்துகளுக்காகச் செபிக்க வேண்டும். ஒரு கர்த்தர் கற்பித்த செபமும் ஒரு அருள் நிறைந்த மரியேயும் போதும்.
- எந்தப் பாவத்தின் மீதும், அற்பப் பாவத்தின் மீதுகூட, பற்று இருக்கக் கூடாது.

முதல் மூன்றும் சுலபம். நான்காவதுதான் கஷ்டம். அது குறைந்தால் கிடைப்பது பகுதிப் பலன் மட்டுமே.

பக்திச் செயல்கள் அபூர்வமானவை அல்ல. அரை மணி நேரம் பைபிள் வாசிப்பது, கோயிலிலோ குடும்பமாகவோ செபமாலை சொல்வது, சிலுவைப்பாதை செய்வது எல்லாமே இதில் வரும். யூபிலி ஆண்டில் ரோமுக்குப் போய்ப் புனிதக் கதவு வழியே நுழைவது பிரபலமான வழி. போக முடியாதவர்களுக்கு அந்தந்த மறைமாவட்டப் பேராலயமும் ஆயர் குறிப்பிட்ட கோயில்களும் போதும். நோயாளிகளையும் சிறைக்கைதிகளையும் சந்திப்பது, வாரத்தில் ஒரு நாளாவது சமூக ஊடகம் போன்ற வீண் பொழுதுபோக்கை விடுவது ஆகியவையும் இந்த யூபிலிக்கான வத்திக்கான் ஆணையில் இருந்தன.

பரிபூரண பலனைப் பொதுவாக ஒரு நாளைக்கு ஒருமுறைதான் பெற முடியும்.

இறந்தவர்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பல குடும்பங்களுக்கு பலன் முக்கியமாக இருப்பதே இதனால்தான். தனக்காகப் பெறலாம், இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கலாம்; உயிரோடிருக்கும் இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தால், மற்ற நிபந்தனைகளோடு சேர்த்து, அவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு. கோவிட் பரவிய 2020-ல் கூட்டம் சேராமலிருக்க இந்த வசதி நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது.

ஆனால் இது மன்றாட்டுதான். இன்ன ஆன்மா இன்று விடுதலை ஆனது என்று யாரும் சான்றிதழ் தர முடியாது.

பிறகு எப்படி வியாபாரம் ஆனது?

1095-ல் சிலுவைப் போருக்கு அழைத்த இரண்டாம் உர்பான், பக்தியோடு புறப்படுகிறவர்களுக்கு அந்தப் பயணமே முழுத் தவத்துக்கும் ஈடு என்றார். 1300-ல் எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலியை அறிவித்தார். 1476-ல் நான்காம் சிக்ஸ்துஸ், பலனை இறந்தவர்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாம் என்றார். செயலுக்குப் பதில் காணிக்கை கொடுத்தாலும் போதும் என்ற வழக்கம் நடுவில் நுழைந்தது. இறந்துபோன அப்பா அம்மாவுக்காக என்றால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

அச்சு இயந்திரம் வந்ததும் சீட்டும் வந்தது. குட்டன்பர்க் காலத்து 1454-55 அச்சுப் பிரதிகளில், பெயரும் தேதியும் எழுத இடம் விட்ட பலன் சீட்டுகளும் இருக்கின்றன.

உச்சகட்டம் ஜெர்மனியில். மைன்ஸ் பேராயர் பதவிக்காக அல்பிரெக்ட், ஃபுக்கர் என்ற வங்கிக் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கினார். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட போப் பத்தாம் லியோவுக்குப் பணம் தேவை. பலன் வசூலில் பாதி ரோமுக்கு, பாதி கடனை அடைக்க என்று ஏற்பாடு. ஊர் ஊராகப் போய் வசூலித்தவர் யோகான் டெட்செல் என்ற துறவி. இதை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று லூதர் 95 கருத்துகளை முன்வைத்தார். அப்போது அவர் பலன் என்ற கருத்தை முற்றிலும் மறுக்கவில்லை. மனம் திருந்தாமலே பணத்தால் தப்பிக்கலாம் என்று ஏழைகளை நம்பவைத்ததைத்தான் கேள்வி கேட்டார். முழு மறுப்பு பின்னால் வந்தது.

அதன் பிறகு என்ன மாறியது?

1562-ல் திரெந்து பொதுச்சங்கம் காணிக்கை வசூலிப்பாளர் பதவியை ஒழித்தது. 1563-ல் பலனை வைத்துச் சம்பாதிப்பதைத் தடை செய்தது. பலன் என்ற போதனையை மட்டும் வைத்துக்கொண்டது. 1567-ல் ஐந்தாம் பயஸ் பணம் சம்பந்தப்பட்ட பலன்களை ரத்து செய்தார்.

அடுத்த பெரிய மாற்றம் 1967-ல். வீட்டில் பழைய செபப் புத்தகம் இருந்தால் '300 நாள் பலன்' என்ற குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். உத்தரிக்கும் ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது ஆதித் திருச்சபையில் 300 நாள் தவம் செய்வதற்குச் சமம் என்ற கணக்கு. ஆறாம் பவுல் இந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார்.

இன்று யாராவது பணம் கேட்டால்?

பலனுக்கு விலை கிடையாது. ஏழைகளுக்கு உதவுவது யூபிலி செயல்களில் ஒன்றுதான். ஆனால் அது தர்மம், கட்டணம் அல்ல. பூசைக் காணிக்கை என்பதும் வேறு விஷயம். 'இவ்வளவு அனுப்பினால் உங்கள் அப்பாவுக்குப் பரிபூரண பலன்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அதை நம்ப வேண்டாம். பங்குக் குருவிடம் கேளுங்கள்.

தலைப்புச் செய்திகளிலும் கவனம் தேவை. 2013-ல் போப்பை ட்விட்டரில் பின்தொடர்ந்தால் பலன் கிடைக்கும் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. ரியோவில் நடந்த உலக இளைஞர் நாளுக்கு நேரில் போக முடியாதவர்கள், அதன் வழிபாடுகளை ஊடகம் வழியே பக்தியோடு பின்பற்றினால், வழக்கமான நிபந்தனைகளோடு பலன் உண்டு என்பதுதான் ஆணையில் இருந்தது.

மற்ற கிறிஸ்தவர்கள் ஏற்கிறார்களா?

லூத்தரன் உள்ளிட்ட புரொட்டஸ்டன்ட் சபைகள் ஏற்பதில்லை. மன்னிப்பு முழுக்கக் கடவுளின் கிருபை, அதற்குப் பிறகு மிச்சக் கணக்கு எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது அருளால்தான் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆனால் பலன் விஷயத்தில் இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை.