டவர் ரெக்கார்ட்ஸ்: மஞ்சள் கடை மூடிய கதை

2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் ஒரு பிரபல இசைத்தட்டுக் கடை நிறுவனம் ஏலத்துக்கு வந்தது. இரண்டு பேர் கடைசி வரை போட்டி போட்டார்கள். ஒருவர் சில கடைகளையாவது தொடர்ந்து நடத்த நினைத்தவர். மற்றவர் சரக்கை விற்றுக் காசாக்கிவிட்டு எல்லாக் கடைகளையும் மூடுபவர். 13 கோடியே 43 லட்சம் டாலருக்கு இரண்டாமவரே ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 5 லட்சம் டாலர்! அந்தத் தொகையில் 89 கடைகளின் தலையெழுத்தும் ஏறக்குறைய 3,000 பேரின் வேலையும் முடிவாகிவிட்டது.

அந்த நிறுவனத்தின் பெயர் டவர் ரெக்கார்ட்ஸ்.

"இணையத்தில் பாட்டு இலவசமாகக் கிடைத்தது, கடை மூடியது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் பலர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கடை யாருடைய கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

கலிபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ நகரில் டவர் தியேட்டர் என்றொரு சினிமா அரங்கு உண்டு. அந்தக் கட்டிடத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன் ரஸ் சாலமன். 1941-ல், பள்ளியில் படிக்கும்போதே, ஜூக்பாக்ஸ்களில் ஓடித் தேய்ந்த பழைய இசைத்தட்டுகளை அப்பாவின் கடையில் வைத்து விற்க ஆரம்பித்தார். 1960-ல் அது தனி வியாபாரமாக, டவர் ரெக்கார்ட்ஸ் ஆனது. 1968-ல் சான் பிரான்சிஸ்கோ, 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் சாலை என்று கடைகள் பெருகின.

மற்ற கடைகளில் இல்லாத எது இங்கே இருந்தது? இடமும் சரக்கும் மட்டுமல்ல. எந்த இசைத்தட்டை வரவழைப்பது என்பதை அந்தந்தக் கடையில் வேலை பார்த்தவர்களே முடிவு செய்தார்கள். ஜாஸ் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் ஜாஸ் பைத்தியம். மேற்கத்திய செவ்வியல் பிரிவில் இருப்பவருக்கு ஒரே சிம்பொனியின் பத்துப் பதிவுகளில் எது நல்லது என்று சொல்லத் தெரியும். தலைமுடி எவ்வளவு நீளம், என்ன சட்டை என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஒன்றை வாங்க வந்தவர், கேள்விப்பட்டே இராத இன்னொன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போவார். பாடகர் எல்டன் ஜான்கூட சன்செட் கடைக்குப் பட்டியலோடு வந்து அள்ளிக்கொண்டு போகிற வாடிக்கையாளர்தான். 1983-ல் 'பல்ஸ்' என்ற இசைப் பத்திரிகையையும் தொடங்கி, வருபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

உச்சத்தில் பல நாடுகளில் ஏறத்தாழ 200 கடைகள் இருந்தன. ஆனால் அந்த வளர்ச்சி பெரும்பாலும் கடன் வாங்கி வளர்ந்தது. 1998-ல் கடன் பத்திரங்கள் மூலம் 11 கோடி டாலர் திரட்டினார்கள். கெட்ட நேரம், 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. அதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. விளம்பரங்களில் குறிப்பிட்ட விலைக்குக் கீழே போகாத கடைகளுக்குத்தான் இசை நிறுவனங்கள் விளம்பரப் பணம் கொடுத்து வந்தன. 2000-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டு இந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. டிவியும் ஃபிரிட்ஜும் விற்கிற பெரிய கடைகள், ஆளை உள்ளே இழுப்பதற்காகவே குறுந்தகட்டை அடக்க விலைக்கு விற்றன. பாட்டை மட்டுமே நம்பியிருந்த கடை அவர்களோடு எப்படிப் போட்டி போட முடியும்?

கடன்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். செலவு குறைப்பு தொடங்கியது. எதை வாங்குவது என்ற அதிகாரம் கடைகளிடமிருந்து தலைமையகத்துக்குப் போனது. 'பல்ஸ்' 2002-ல் நின்றது. 2004 பிப்ரவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, கடனுக்கு ஈடாக 85 சதவீதப் பங்கு கடன் பத்திரக்காரர்களுக்குப் போயிற்று. சாலமன் குடும்பத்துக்கு மிஞ்சியது 15 சதவீதம்.

வாடிக்கையாளர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அதே மஞ்சள் போர்டு, அதே சிவப்பு எழுத்து. ஆனால் உள்ளே போனால் பெரிய கடையில் கிடைக்கும் அதே வெற்றிப் பாடல்கள், அங்கே இருப்பதைவிட அதிக விலையில்! தேடிப் போவதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. மெதுவாக விற்கும் அபூர்வ இசைத்தட்டு, கணக்குப் புத்தகத்தில் முடங்கிய பணம். வாடிக்கையாளருக்கோ அதுதான் கடைக்கு வருவதற்கான காரணம். இந்த இரண்டு பார்வைகளில் முதலாவது ஜெயித்தது, கடை தோற்றது.

அப்படியானால் பெரிய நிறுவனம் வாங்கினாலே கடை அழிந்துவிடுமா? இல்லை. அதற்குச் சாட்சி ஜப்பான். கடனைச் சமாளிக்க 2002-ல் டவரின் ஜப்பான் கடைகள் விற்கப்பட்டன. அங்கிருந்த நிர்வாகத்தினரே முதலீட்டாளர் துணையோடு வாங்கினார்கள். 2012-ல் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. டோகோமோ பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. அமெரிக்காவில் எல்லாம் முடிந்த பிறகும் டோக்கியோவின் ஷிபுயாவில் பல மாடிக் கடை இன்றும் நடக்கிறது. ஊழியர்கள் தாங்களே கைப்பட எழுதிய பரிந்துரை அட்டைகளை அலமாரியில் செருகி வைக்கிறார்கள். ஜப்பானில் குறுந்தகட்டின் சில்லறை விலையை வெளியிடுபவரே நிர்ணயிக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதும் முக்கியமான காரணம். அதனால் அடிமாட்டு விலைப் போட்டி அங்கே இல்லை.

ஆக, முதலாளி தனி மனிதரா பெரிய நிறுவனமா என்பது இரண்டாவது கேள்விதான். பாட்டுத் தெரிந்த ஊழியருக்கு அலமாரியை அடுக்கும் உரிமையும், அதற்கான அவகாசமும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

2006 டிசம்பரில் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. அடுத்த வருடமே, 81 வயதில், சாக்ரமெண்டோவில் பழைய டவர் கடை இருந்த அதே இடத்தில் ரஸ் சாலமன் மறுபடி ஒரு இசைத்தட்டுக் கடை திறந்தார். மூன்று வருடத்தில் அதையும் விற்க வேண்டி வந்தது. 2018-ல் அவர் மறைந்தார். 5 லட்சம் டாலர் அதிகம் கொடுத்து ஏலத்தில் ஜெயித்தவர்களுக்கு அது லாபக் கணக்கு. 81 வயதில் மறுபடி கடை திறந்தவருக்கு என்ன கணக்கு இருந்திருக்கும்?