துரைமாரின் ரிவால்வரும் தோட்டத்துத் துவக்குப் பதிவேடும்

சப்ரகமுவத் தோட்டங்களில் துவக்கு வந்த கதையை எழுதச் சொன்னால் நான் துவக்கில் தொடங்க மாட்டேன், உறையில்தான் தொடங்குவேன். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்த காலத்தில், ஆபீஸ் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு ரிவால்வர் உறை கிடந்தது. ரிவால்வர் இல்லை. அது எப்போதோ பொலிஸுக்குப் போய்விட்டது என்றார் பெரிய கிளாக்கர்.

தடித்த மாட்டுத்தோல் உறை. மேலே மூடி, அதை அழுத்திப் பூட்டப் பித்தளைக் குமிழ். கூடவே ஒரு இடுப்புவார், அதில் தோட்டா செருகப் பன்னிரண்டு வளையம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. பித்தளைத் தோட்டாவைத் தோல் வளையத்தில் மாதக்கணக்கில் விட்டால், தோல் பதனிட்ட அமிலம் பித்தளையை அரித்து அந்தப் பச்சையைக் கிளப்பும். இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், உறைக்குள் கிடக்கும் இரும்பு துருவேறும். அதனால் ரிவால்வரை எண்ணெய் தோய்த்த பிளானல் துணியில் சுற்றி மேசை லாச்சியில் வைத்து, உறையைத் தனியே சுவரில் மாட்டுவதுதான் துரைமார் வழக்கம் என்று எங்கள் பங்களா அப்பு சொல்வார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து புதிதாக வந்திறங்கிய சின்ன துரைக்கு எந்த ரிவால்வரை வாங்குவது என்பது பெரிய கேள்விதான். ஆர்மி அண்ட் நேவி கடையின் தடித்த விலைப்பட்டியலில் தலைத்தொப்பி முதல் துப்பாக்கி வரை எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் 1872-இல் வந்த வெப்லி புல்டாக்: குட்டைக் குழல், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். மறுபக்கம் 1887-இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட .455 வெப்லி. இது கனமானது, இடுப்பில் உறை இல்லாமல் சுமக்க முடியாது. ஆனால் அதன் அமைப்பு அருமையானது. மேலேயுள்ள கொண்டியைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலை முன்பக்கம் மடக்கினால், நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒரே தடவையில் வெளியே தள்ளிவிடும். 1893-இல் பிரிடோ என்பவர் ஆறு தோட்டாவையும் ஒரே அழுத்தில் உள்ளே இறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆளைக் கொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தவைதாம். ஆனாலும் இயந்திரம் என்ற வகையில் இன்றும் அவற்றுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

1900-இல் இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை அமைந்தது. தலைமையகம் கண்டி. ஐரோப்பியரை மட்டுமே அதில் சேர்த்தார்கள். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்த அதே துரைமார்தான் அங்கே சீருடை போட்டு ரைபிள் பிடித்தார்கள். 1914 ஒக்டோபரில் அந்தப் படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலாகவும் சிலர் நின்றார்கள். 1949-இல் படையைக் கலைத்தார்கள்.

அந்தத் துவக்குகள் எகிப்தில் மட்டும் வெடிக்கவில்லை. 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரம் சப்ரகமுவவுக்கும் பரவியது. ஜூன் 2-ஆம் திகதி ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஐரோப்பியத் தோட்டக்காரர்களும் ஆயுதத்தோடு இறங்கினார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களுக்காக, மறு ஆண்டே பொன்னம்பலம் இராமநாதன் ஒரு முழுப் புத்தகத்தை எழுதி வெளியிட்டார். அதே 1916-இல்தான் 33-ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டமும் வந்தது. வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்ற நடைமுறை இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த லைசன்ஸ் எழுதுவது ஆபீஸில் என் வேலை. டிசம்பர் பிறந்தால் பங்களாத் துவக்கின் இலக்கம், குழல் அளவு, துரையின் பெயர் எல்லாவற்றையும் படிவத்தில் நிரப்ப வேண்டும். என் காலத்தில் ரிவால்வர் போய், பன்னிரண்டு போர் சொட்கன்தான் மிஞ்சியிருந்தது. பன்றி சுட எடுக்கிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேட்டில் ஒரு வரி: எந்த மலை, யார் சுட்டது, வெற்றுக் கூடு திரும்பியதா. அந்தப் பதிவேட்டில் லயத்து ஆள் ஒருவரின் பெயர்கூட இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கட்டுத்துவக்கின் குண்டுதான். பன்றிக்கென்று காட்டோரம் யாரோ கட்டி வைத்த கம்பி, விடியக்காலையில் பால் வெட்டப் போகிறவர் முழங்காலில் தட்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி லொறியில் அப்படி ஏற்றிப்போனவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். இரண்டும் மத்திய மாகாணம், ஆனால் எங்கள் லயங்களிலும் அந்தப் பெயர்களைத் தெரியாத வீடு கிடையாது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் கொதித்தபோது, கிளர்ச்சிக்காரர்கள் வீடு வீடாகவும் பங்களா பங்களாவாகவும் போய்ச் சொட்கன்களைப் பறித்தார்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டபோது, அந்த லயத்தவர்கள் வெறுங்கையோடு காட்டுக்குள் ஓடினார்கள். பிறகு வவுனியாவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையில் துவக்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. துவக்கு யார் கையில் இருக்கலாம் என்பதை நூறு வருடமாக நம்மைக் கேட்காமலே தீர்மானித்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இந்த வரலாற்றில் நான் இத்தனை ஆழமாகப் போனதற்குக் காரணம் மெல்பனில் இருக்கும் என் தங்கச்சி மகன். ஒரு கிளப்பில் சேர்ந்து, செயல்முறைச் சுடுதல் போட்டிக்கு ரிவால்வர் பழகுகிறான். 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பர் தலைமையில் உருவான சங்கத்தின் விளையாட்டு அது. ஓடி, குனிந்து, தடுப்புக்குப் பின்னால் நின்று குறி சுட வேண்டும். குறியும் வேகமும் சேர்ந்துதான் புள்ளி. அதில் ரிவால்வருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 1999-இல் ஜெரி மிக்குலெக் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு முடிக்க 2.99 விநாடிதான் எடுத்தார்.

“மாமா, புதுசா தொடங்குறவன் முதல்ல என்னத்த வாங்கணும்?” என்று போனில் கேட்டான்.

உறையை வாங்கு என்றேன். விசையை முழுதாக மூட வேண்டும், ஓடும்போது துப்பாக்கி நழுவக் கூடாது. அடுத்தது மடங்காத இடுப்புவார். பிறகு கண்ணாடியும் காதுமூடியும். ரிவால்வரை முதல் வருடம் கிளப்பில் இரவல் வாங்கிப் பழகலாம், கைக்கு எது ஒத்து வருகிறது என்று அப்போது தெரியும். தோட்டாக்களை ஒன்றாகப் பிடிக்கும் மூன் கிளிப் தகட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் தட்டையான மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் உருளை சுழலாமல் இறுகிவிடும். ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் இறக்கும் இந்த வேலைக்குத்தான் பிரிடோவும் அன்று கருவி செய்தார்.

களத்தில் அதிகாரி சொல்லாமல் யாரும் துப்பாக்கியைக் கையில் எடுக்க முடியாது, எடுத்தால் போட்டியிலிருந்து வெளியே என்று அவன் சொன்னான். அந்த விதி டாக்டருக்கும் டிரைவருக்கும் ஒன்றேயாம். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. எங்கள் மலைகளில் துவக்கை ஒரு நாளும் அப்படி ஒரே விதிக்குள் வைத்ததில்லை.

1975 தேசியமயத்திலும் 1992-இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனபோதும், தோட்டத்து ஆபீஸ்களிலிருந்து பழைய புத்தகங்கள் வண்டி வண்டியாக வெளியே போயின. துவக்குப் பதிவேடு, தோட்டாக் கணக்கு, லைசன்ஸ் பிரதி, ரைபிள் படையில் துரைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று ஏதேனும் உங்கள் பரணில் கிடந்தால் கரையானுக்கு விடாதீர்கள், பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாவது கொடுங்கள்.