திரளும் பாலும் திரளாப் பாலும்

கிள்ளான் வட்டாரத்தில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் காடழிப்பையும் விரிவாகக் கூறுவர். அம்மக்களின் வாளிகளில் நாள்தோறும் ததும்பிய பாலைப் பற்றிக் கூறுவோர் குறைவு. காப்பி வீழ்ந்த மண்ணில், 1890களின் நடுவில் காஜாங் அருகே கிண்டர்ஸ்லி சகோதரர் ரப்பர் நட்டனர். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் புக்கிட் ராஜா, வல்லம்புரோசா முதலிய தோட்டங்கள் கிள்ளானைச் சூழ்ந்தன. மலாயாவின் செல்வம் அன்று மங்கில் சொட்டுச் சொட்டாக வடிந்த பாலாகவே இருந்தது.

அப்பால் ஒரு விந்தையான நீர்மம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். ரப்பரோ கரைந்து கிடப்பதில்லை. பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்புப் பொருளும் சேர்ந்த மெல்லிய போர்வை மூடியுள்ளது. போர்வையில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துளியைத் துளி நெருங்கவிடுவதில்லை. இத்தகைய போர்வைப் பொருளை அறிவியலார் பரப்பு இயங்கி என்பர். நாம் அறிந்த சோப்பும் அவ்வினத்ததே.

மங்கில் நுண்ணுயிர்கள் புகுந்து அமிலத்தை உண்டாக்கினால் மின்னேற்றம் குன்றும்; துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்பாலாகும். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பகலுக்குள் பாலெடுத்துப் பால் கொட்டகை சேர்த்த தொழிலாளிக்கு இதன் பெயர் தெரியாது, நடப்புத் தெரியும்.

திரளச் செய்யும் வழியை ஒழுங்குபடுத்தியவர் ஜான் பார்க்கின். இலங்கையின் பேராதனைத் தோட்டத்தில் பணியாற்றிய அவர், அசெட்டிக் அமிலம் சிறிதளவு சேர்த்தால் பால் சீராக உறையும் என 1899ஆம் ஆண்டளவில் காட்டினார். பின்னர் ஃபார்மிக் அமிலமும் வழக்கில் வந்தது. உறைமோரிட்டுப் பாலைத் தயிராக்கும் தமிழ் வீட்டிற்கு இது புதுமையன்று.

இதற்கு மாறாக, திரளாமல் காப்பதே கடினம். அம்மோனியாவால் பாலைக் காக்கலாம் என்று ஜான்சன் என்பார் 1853இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது நுண்ணுயிரை அடக்குவதோடு நிற்கவில்லை. போர்வையிலுள்ள கொழுப்புப் பொருளைச் சிதைத்து, அதிலிருந்து ஒருவகைச் சோப்பையே உண்டாக்கியது. அச்சோப்பு துளிகளின்மேல் படிய, தொட்டியில் வாரக்கணக்கில் நின்ற பால் புதுப்பாலினும் உறுதி பெற்றது. 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்டுக் கோலாலம்பூரிலும் சுங்கை பூலோவிலும் ஆய்ந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் பெரும்பணி ஆற்றியது. உறுதி போதாத பாலில் சிறிதளவு லாரேட் சோப்பைச் சேர்ப்பதும் வழக்கமாயிற்று.

நில்லாது ஓடும் பாலுக்குத்தான் இவ்வுறுதி பெரிதும் தேவை. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்வதுபோல, எந்திரத்திலும் குழாயிலும் விரைந்து பாயும் பாலில் துளிகள் ஓயாது மோதுகின்றன. ஓட்டத்தால் நேரும் மோதல், துளியின் அளவு இருமடங்கானால் எட்டு மடங்காகும் என்பது 1917இல் சுமொலுகோவ்ஸ்கி வகுத்த கணக்கு. எனவே திரளத் தொடங்கியது விரைந்து திரளும். பாலை நிமிடத்திற்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, எத்தனை நொடியில் திரள்கிறது என்று பார்க்கும் சோதனை இதனால் எழுந்தது. சுழற்சிப் பொறியில் 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டிய பால் கப்பலேற வேண்டுமானால் இச்சோதனையைத் தாங்கியாக வேண்டும்.

பெரிய எண்ணெய்த் துளிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரு துளிகள் நெருங்க, இடையிலுள்ள நீர் பிதுங்கி வெளியேறும்போது சோப்பையும் இழுத்துச் செல்லும். சோப்புக் குறைந்த இடத்தில் பரப்பு இழுவிசை மிகுவதால் அது மீண்டும் உள்நோக்கி இழுக்கப்படும். நீர் வெளியேறுவது தாமதிக்கும். அதற்குள் ஓட்டம் துளிகளைப் பிரித்து விடலாம். மாரங்கோனி என்னும் இத்தாலியர் பெயரால் இவ்விளைவு வழங்குகிறது.

இத்தனை நுட்பமும் பாலுக்கே கிடைத்தது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் மிதவை காட்டியது. எடுத்தவன் உழைப்பை அளக்க மிதவை இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தமிழர் சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகிப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது; தொழிலாளர் உயிரிழந்தனர்.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆயினும் கிள்ளான் மேரு வட்டாரத்துக் கையுறை ஆலைகளில் அதே கலை தொடர்கிறது. கால்சியம் நைட்ரேட்டில் தோய்ந்த கை அச்சு பாலுக்குள் இறங்கும். அதுவரை காத்த மின்னேற்றம் அங்கே குலைய, துளிகள் அச்சின்மேல் திரண்டு படலமாகின்றன.