போதிசத்துவர் யோசபாத் ஆன கதை

16ஆம் நூற்றாண்டு முடியப்போற நேரத்துல ரோமாபுரியில ஒரு புனிதர் பட்டியல் அச்சாச்சு. எந்த நாள் எந்தப் புனிதருக்கு உரியது என்று சொல்ற பட்டியல். அதுல நவம்பர் 27ஐப் பார்த்தீங்கன்னா ரெண்டு பேர் இருப்பாங்க. பர்லாம், யோசபாத். ஊர் இந்தியா என்று போட்டிருக்கும்.

இதுல இந்த யோசபாத் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம சித்தார்த்தர்தான். ஆமாங்க, கௌதம புத்தரேதான் :-)

முதல்ல படிச்சப்போ நானும் சிரிச்சேன். அப்புறம் யோசிக்க யோசிக்க சிரிப்பு போய் வேற ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகிச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல கதை. இந்தியாவில் அபென்னர் என்று ஒரு ராஜா. தோமா வந்து போன பிறகு நாட்டில் கிறிஸ்தவர்கள் பெருகிட்டாங்க என்று அவருக்குக் கோபம், அவர்களைத் துரத்தித் துரத்தித் தண்டிக்கிறார். (சென்னைக்காரங்களுக்குத் தோமாவைத் தெரியாம இருக்காது. பரங்கிமலையோட சேர்த்துச் சொல்லப்படறவர்தான்.) பிள்ளை பிறக்கிறான். இவன் ஒரு நாள் கிறிஸ்தவன் ஆவான் என்று ஒரு ஜோசியர் சொல்லிடறார். உடனே தனியா ஒரு மாளிகை கட்டி, நோய், மூப்பு, சாவு எதுவும் கண்ணில் படாம பிள்ளையை வளர்க்கிறார் ராஜா. ஒரு நாள் பையன் வெளியே போறான். நோயாளியைப் பார்க்கிறான், குருடனைப் பார்க்கிறான், பல் போன கிழவரைப் பார்க்கிறான். எல்லாருக்கும் கடைசியில் சாவுதானா என்று கேட்டுக் கலங்கிப்போறான்.

இதுவரை நமக்குத் தெரிஞ்ச கதைதான். அசுவகோசர் எழுதிய புத்த சரிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

இது எப்படி அங்கே போச்சு? மத்திய ஆசியாவில் மானி மதத்துக்காரர்கள் கையில் இந்தக் கதை இருந்ததுக்குத் துர்ஃபானில் கிடைத்த ஏட்டுத் துண்டுகள் சாட்சி. அங்கிருந்து அரபிக்கு வந்தது. அரபியில் 'போதிசத்துவ' என்பது 'புதாஸஃப்' ஆச்சு. அரபி எழுத்தில் சொல்லின் தொடக்கத்தில் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'ய'வுக்குக் கீழே ரெண்டு புள்ளி. யாரோ ஒரு பிரதி எடுத்தவர் கையில் ஒரு புள்ளி கூடிப்போக, புதாஸஃப் 'யூதாஸஃப்' ஆயிட்டார். ஒரே ஒரு புள்ளி! அரபியிலிருந்து ஜார்ஜிய மொழிக்குப் போனப்போதான் கதை முழுசா கிறிஸ்தவம் ஆச்சு. அதை அத்தோஸ் மலையில் இருந்த யூத்திமியஸ் என்ற ஜார்ஜியத் துறவி (இறந்தது 1028) கிரேக்கத்தில் எழுதினார் என்பதுதான் இன்றைக்கு அறிஞர்கள் பெரும்பாலும் ஏத்துக்கிற முடிவு. 11ஆம் நூற்றாண்டிலேயே லத்தீன். அப்புறம் ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு. யூதர்களுக்காக 13ஆம் நூற்றாண்டில் எபிரேய மொழியிலும் வந்தது.

இது ரெண்டும் ஒரே ஆள் கதைன்னு யாருக்கும் தோணலையா? கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றுமையைக் கவனிச்சிட்டார். ஆனா அவர் தலைகீழா எடுத்துக்கிட்டார். இந்த ஊர்க்காரங்க புத்தர் என்று கும்பிடறது யோசபாத்தைத்தான் என்பது அவர் முடிவு! 1859ல் பிரான்சில் லபூலே, 1860ல் ஜெர்மனியில் லீப்ரெக்ட் எழுதின பிறகுதான் எது மூலம், எது நகல் என்று தெளிவாச்சு.

சரி, எனக்கு வந்த கேள்விக்கு வர்றேன். கதை ஒண்ணுதான். ஆனா எந்த இடத்தில் பிரியுது?

சித்தார்த்தர் அந்தக் காட்சிகளைப் பார்த்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். ஆலார காலாமர், உத்தக ராமபுத்தர் என்று ரெண்டு ஆசான்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் கத்துக்கிட்டு, இது போதாது என்று எழுந்து போயிடறார். கடைசியில் மரத்தடியில் தனியா உட்கார்ந்துதான் விடை கண்டுபிடிக்கிறார். மேலிருந்து ஒரு கை வரலை.

யோசபாத் எங்கேயும் கிளம்பலை. மாளிகையிலேயே தவிச்சுக்கிட்டு இருக்கான். அப்போ பாலைவனத்தில் இருந்து பர்லாம் என்ற துறவி வியாபாரி வேஷத்தில் வர்றார். என்கிட்ட ஒரு ரத்தினம் இருக்கு, சுத்தமான கண் இருக்கிறவங்கதான் பார்க்க முடியும் என்கிறார். அந்த ரத்தினம்தான் விசுவாசம். இங்கே விடை இவனைத் தேடிக்கிட்டு வருது. இவன் செய்ய வேண்டியது கையை நீட்டி வாங்கிக்கிறது.

என்னைப் பொறுத்தவரை ரெண்டு மதத்துக்கும் இருக்கிற வித்தியாசம் இந்த ஒரு இடத்தில் தெரியற மாதிரி வேற எங்கேயும் தெரியலை.

பர்லாம் சொல்ற கதைகளில் ஒண்ணு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மிருகம் துரத்த ஓடினவன் பள்ளத்தில் விழுந்து ஒரு மரத்தைப் பிடிச்சுத் தொங்கறான். கீழே வாயைப் பிளந்துகிட்டு ஒரு பாம்பு. வேரைக் கறுப்பு எலி ஒண்ணு, வெள்ளை எலி ஒண்ணு கடிக்குது. மேலேயிருந்து தேன் சொட்ட, எல்லாத்தையும் மறந்து அதை நக்கறான். மகாபாரதத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்ற கதைதான் இது. நம்மூர் யானை அங்கே போய் ஒற்றைக்கொம்புக் குதிரை ஆயிடுச்சு, அவ்வளவுதான். கவனிச்சீங்களா? பர்லாம் சொல்ற கதையிலும் மேலேயிருந்து கயிறு போட யாரும் இல்லை. ஆனா கதையைச் சொல்ல ஒருத்தர் மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி வந்திருக்கார் இல்லையா? அவர்தான் கயிறு.

இன்னொரு விஷயம். பாலியில் தம்மத்தைப் பற்றிச் சொல்லும்போது 'எஹிபஸ்ஸிகோ' என்று ஒரு சொல் உண்டு. வந்து பார் என்று அழைக்கக்கூடியது என்று பொருள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலும் இதே அழைப்பு வருது. ஆனா பௌத்தத்தில் வந்து பார்க்க வேண்டியது ஒரு வழியை. சுவிசேஷத்தில் வந்து பார்க்க வேண்டியது ஒரு ஆளை.

உடனே பௌத்தம்னா பகுத்தறிவு, கிறிஸ்தவம்னா கண்மூடி நம்பறது என்று கோடு போட்டுடாதீங்க. பௌத்தத்திலும் 'சத்தா' என்ற நம்பிக்கை இல்லாம முதல் அடி வைக்க முடியாது. ஜப்பானில் ஷின்ரான் (1173 - 1263) சொந்த முயற்சியால் ஒண்ணும் ஆகாது, அமிதாப புத்தரின் கருணையைச் சரணடைவதுதான் ஒரே வழி என்று போதிச்சார். அங்கே போன இயேசு சபைப் பாதிரியார்கள், இது லூதர் சொல்றது மாதிரியே இருக்கே என்று 1570களிலேயே எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பக்கம் பார்த்தா, 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்த கிறிஸ்தவத் துறவிகள் மனசில் ஓடற எண்ணங்களை ஒவ்வொண்ணா உட்கார்ந்து கவனிச்சாங்க. அதைப் படிச்சா விபஸ்ஸனா பாடம் மாதிரியே இருக்கும்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம்? ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் இருந்தார். அதுக்கு முன்னாடிதான் நான் பத்து நாள் தியான முகாமுக்குப் போய்ட்டு வந்து எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட முடியலை. பக்கத்தில் ஒரு அக்கா ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தாங்க, அவங்க பையன் உள்ளே. நான் தவிக்கிறதைப் பார்த்துட்டு, "தம்பி, உங்கப்பா பேர் சொல்லுங்க, நான் சேர்த்துச் சொல்லிக்கறேன்" என்றாங்க. சொன்னேன். நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனா அந்த நிமிஷம் நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கின மாதிரி இருந்தது.

அவங்க பையன் பிழைச்சு வீட்டுக்குப் போனான். அப்பா போயிட்டார்.

அதுக்கப்புறம் வந்த மாசங்களில் யாருடைய ஜெபமும் எனக்கு உதவலை. வீட்டில் அப்பாவோட காலி நாற்காலியை நான்தான் பார்க்கணும், எனக்குப் பதிலா வேற யாரும் பார்க்க முடியாது. அப்போதான் அந்த மூச்சுப் பயிற்சி கை கொடுத்தது. தினம் காலையில் கால் மணி நேரம். அழுகை வந்தா அழுதுட்டு, மறுபடியும் மூச்சு.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு ஒரு பர்லாம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மரத்தடிதான் வேண்டியிருந்தது. இது மத ஆராய்ச்சி இல்லை, எனக்கு நடந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையைத் தூக்கிக்கிட்டு நாடு நாடாப் போனவங்களுக்கும், மானிக்காரரோ அரபியோ ஜார்ஜியத் துறவியோ, இந்த ரெண்டு தேவையும் தெரிஞ்சிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லைன்னா வேற மதத்துப் புத்தரைப் பேர் மாத்தியாவது பத்திரமா வெச்சிருந்திருப்பாங்களா?

உங்களுக்கு எது கை கொடுத்திருக்கு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.