எட்டு விழுக்காடு: போலந்தின் ‘மூன்றாம் வழி’ பிறந்து முடிந்த கதை

2015 அக்டோபர் 25. போலந்தில் நாடாளுமன்றத் தேர்தல். இடதுசாரிக் கட்சிகள் சில ஒன்றுசேர்ந்து ‘ஒன்றுபட்ட இடதுசாரி’ என்ற பெயரில் நின்றன. 7.55 விழுக்காடு வாக்கு கிடைத்தது. 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கிடைத்த இடம் ஒன்றுகூட இல்லை.

காரணம் எளியது. போலந்தின் கீழவையான செய்முக்குள் நுழைய ஒரு கட்சி நாடு முழுவதும் 5 விழுக்காடு வாக்காவது வாங்கவேண்டும். கட்சிகள் கூட்டணியாகப் பதிவுசெய்து நின்றால் 8 விழுக்காடு. அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் இடதுசாரிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடையதையும் வேறு சிறு கட்சிகளுடையதையும் சேர்த்து அந்த ஓட்டுகளெல்லாம் வீணாயின. விளைவு, யாரோஸ்வாவ் கச்சின்ஸ்கியின் ‘சட்டமும் நீதியும்’ கட்சி 37.58 விழுக்காடு வாக்கை வைத்துக்கொண்டே 460இல் 235 இடங்களைப் பிடித்தது. 1989க்குப் பிறகு ஒரே கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்தது அதுதான் முதல்முறை. அடுத்த எட்டு ஆண்டுகளில் நீதிமன்றங்களிலும் அரசுத் தொலைக்காட்சியிலும் நடந்த மாற்றங்களுக்கெல்லாம் பின்னால் இந்த அரை விழுக்காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான், 2023இல் இரண்டு பேர் எடுத்த முடிவு எவ்வளவு துணிச்சலானது, அல்லது எவ்வளவு பைத்தியக்காரத்தனமானது என்பது புரியும்.

முதலாமவர் ஷிமோன் ஹொவோவ்னியா. 1976இல் பிறந்தவர், பத்திரிகையாளர். இளம் வயதில் துறவியாகப் போகிறேன் என்று இரண்டு முறை டொமினிக்கன் சபையில் சேர்ந்து இரண்டு முறையும் வெளியே வந்துவிட்டார். ஆப்பிரிக்காவில் உதவிப்பணி செய்யும் அறக்கட்டளைகளைத் தொடங்கினார். ஆனால் சாதாரண போலந்துக்காரருக்கு அவர் தொலைக்காட்சி முகம். பாட்டு, நடனம், வித்தை என்று திறமை காட்டும் போட்டி நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் சேர்ந்து தொகுத்து வழங்கியவர். 2020 குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சியே இல்லாமல் நின்று 13.87 விழுக்காடு வாங்கி மூன்றாவதாக வந்தார். அந்தச் சூட்டோடு ‘போலந்து 2050’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த தேர்தலைப் பார்க்காமல் அடுத்த தலைமுறையைப் பார்க்கிறோம் என்பது பெயரிலேயே இருந்தது.

இரண்டாமவர் வ்வாதிஸ்வாவ் கொசினியாக்-காமிஷ். படிப்பால் மருத்துவர். 2015 தோல்விக்குப் பிறகு போலந்து மக்கள் கட்சியின் தலைமைக்கு வந்தவர். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி வாங்கியது 5.13 விழுக்காடு, மயிரிழையில் தப்பியது. 2020இல் ஹொவோவ்னியா நின்ற அதே குடியரசுத் தலைவர் தேர்தலில் இவரும் நின்றார். 2.36 விழுக்காடு.

ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருந்தது. போலந்தின் விவசாயிகள் அரசியல் 1895இல், அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த ஜெஷூவ் நகரில் கட்சியாக வடிவெடுத்தது. அந்த மரபில் வந்த வின்சென்ட்டி வித்தோஸ் என்ற குடியானவர் மூன்று முறை பிரதமரானார். மூன்றாவது முறை, 1926 மே மாதம், பியூசுட்ஸ்கியின் ராணுவக் கலகம் அவரைக் கவிழ்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்தானிஸ்வாவ் மிக்கொவாய்சிக் தலைமையில் மக்கள் கட்சி கம்யூனிஸ்ட்டுகளை எதிர்த்து நின்றது. 1947 தேர்தல் முடிவுகள் மோசடியாக மாற்றப்பட்டன. அந்த அக்டோபரிலேயே அவர் நாட்டைவிட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது. எஞ்சியவர்கள் ஆளுங்கட்சிக்கு வால்பிடிக்கும் விவசாயக் கட்சியாக நாற்பது ஆண்டுகள் காலந்தள்ளினார்கள். 1990இல் பழைய பெயர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இடதுசாரிகளோடும் ஆட்சி, டொனால்ட் டுஸ்க்கின் தாராளவாதிகளோடும் ஆட்சி. யார் வந்தாலும் கூடவே இருப்பார்கள் என்று ஊர் கேலி பேசியது. கிராமத்தில் மட்டும் வேர் பிடித்திருந்தது.

ஒருவரிடம் வேர் இருந்தது, முகம் இல்லை. மற்றவரிடம் முகம் இருந்தது, வேர் இல்லை. 2023 ஏப்ரல் 27 அன்று இருவரும் கூட்டணி அறிவித்தார்கள். பெயர்: மூன்றாம் வழி.

எதிர்க்கட்சியில் பாதிப் பேருக்கு எரிச்சல். கச்சின்ஸ்கியை வீழ்த்த எல்லாரும் ஒரே பட்டியலில் நிற்கவேண்டும் என்பது டுஸ்க்கின் விருப்பம். போலந்தில் இடங்களைப் பங்கிடும் டி’ஹோண்ட் முறை பெரிய பட்டியலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளிக்கொடுக்கும். அப்படிப் பார்த்தால் டுஸ்க் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஆட்சியின் மீது வெறுப்பு, ஆனால் டுஸ்க்கையும் பிடிக்காது. இப்படி ஒரு கூட்டம் சிறு நகரங்களில் இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள், சிறு தொழில் செய்கிறவர்கள். ஒரே பட்டியல் என்றால் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ‘சண்டை போதும், முன்னே போவோம்’ என்ற முழக்கம் அவர்களுக்காகத்தான்.

சரி, தனியாகவே நிற்கட்டும். கூட்டணி என்று எதற்குப் பதிவுசெய்ய வேண்டும்? 2019இல் இடதுசாரிகள் உஷாராகி, ஒரு கட்சியின் பட்டியலில் மற்றவர்களையும் ஏற்றி 5 விழுக்காட்டுக் கதவு வழியாக உள்ளே வந்திருந்தார்கள். இவர்களும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அரசு தரும் கட்சி நிதி முழுவதும் பட்டியலுக்குச் சொந்தமான கட்சிக்கே போகும். கூட்டணி என்றால் பங்கிட்டுக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் அடங்கிப்போக விரும்பவில்லை. ஆக, 8 விழுக்காட்டுக் கதவைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கோடையில் கருத்துக்கணிப்புகள் சரிந்துகொண்டே வந்தன. சிலவற்றில் எண்ணிக்கை அந்த வாசற்படிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 2015 மறுபடியும் நடக்கப்போகிறது என்ற பயம் எல்லாரிடமும்.

அக்டோபர் 15 அன்று 74.38 விழுக்காடு மக்கள் வாக்களித்தார்கள். வ்ரோத்ஸ்வாவ் நகரின் யாகோட்னோ பகுதியில் வரிசை நள்ளிரவைத் தாண்டி, விடிகாலை மூன்று மணியை ஒட்டித்தான் முடிந்தது. குளிரில் நின்றவர்களுக்கு பீட்சாவும் சூடான தேநீரும் வந்தன.

மூன்றாம் வழிக்கு 14.40 விழுக்காடு. 65 இடங்கள்.

இப்போது கூட்டிப்பாருங்கள். ‘சட்டமும் நீதியும்’ 194 இடங்களோடு முதலிடம். டுஸ்க் அணிக்கு 157, இடதுசாரிகளுக்கு 26. மொத்தம் 183. பெரும்பான்மைக்கு 231 வேண்டும். 65ஐச் சேர்த்தால் 248. அந்த 65 இல்லையென்றால் ஆட்சி மாற்றமே இல்லை.

நவம்பர் 13 அன்று ஹொவோவ்னியா செய்மின் மார்ஷல், அதாவது அவைத்தலைவர் ஆனார். ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுகள் அவர், பிறகு இடதுசாரிகளின் ச்சஷாஸ்தி. கட்டடத்தைச் சுற்றியிருந்த தடுப்புகளை அகற்றச் சொன்னார். மேடைக்காரர் ஆயிற்றே, நகைச்சுவையோடு அவையை நடத்தினார். செய்மின் யூடியூப் பக்கத்துக்குக் கூட்டம் குவிந்தது. டிசம்பர் 11, பழைய அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற நாளன்று, வார்சாவில் ஒரு திரையரங்கில் அவை நடவடிக்கைகளை நேரலையாகப் போட்டார்கள். ஜனங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாப்கார்ன் நாட்கள் நீடிக்கவில்லை.

எதிர்ப்பதற்கு ஒருவர் இருந்தவரை ‘நடுவில் நிற்கிறோம்’ என்பது போதுமாயிருந்தது. ஆட்சிக்கு வந்தபின் கேள்வி மாறியது: எதற்கும் எதற்கும் நடுவில்? கருக்கலைப்பு விவகாரத்தில் அது வெட்டவெளிச்சமானது. 2020 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தபோது லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023இல் விடிய விடிய வரிசையில் நின்ற இளம்பெண்கள் பலருக்கு அந்தக் கோபம் ஆறவேயில்லை. மூன்றாம் வழி சொன்ன தீர்வு, 2020க்கு முந்தைய சட்டத்துக்குத் திரும்பிவிட்டு, மேற்கொண்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவது. 2024 மார்ச்சில் ஹொவோவ்னியா அவை விவாதத்தை உள்ளாட்சித் தேர்தலின் முதல் சுற்றுக்குப் பிறகு தள்ளிவைத்தார். ஜூலை 12 அன்று, கருக்கலைப்புக்கு உதவுகிறவர்களைத் தண்டிக்கக் கூடாது என்ற மசோதா மட்டும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 215, எதிர்ப்பு 218. தோற்றது. மக்கள் கட்சியினரில் பெரும்பாலானோர் எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். ஹொவோவ்னியாவின் ஆட்களில் பெரும்பாலோர் ஆதரித்திருந்தார்கள். ஒரே கூட்டணி, ஒரே மையம், இரண்டு ஓட்டு.

பார்க்கப்போனால் இரண்டும் ஒருநாளும் ஒன்றாகவே இல்லை. செய்மில் தனித்தனிக் குழுக்கள். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 6.91 விழுக்காடும் 3 இடங்களும் கிடைத்தபோது, மக்கள் கட்சியின் இருவர் வலதுமையக் குழுவிலும் மற்றவர் தாராளவாதக் குழுவிலும் போய் உட்கார்ந்தார்கள். 2025 மே 18, குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்று. ஹொவோவ்னியா இந்த முறை கூட்டணியின் வேட்பாளர். ஐந்தாமிடம், 4.99 விழுக்காடு. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாசற்படி எதுவும் கிடையாது. இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் 5 என்ற எண் ஞாபகம் வந்திருக்கும். ஜூன் 17 அன்று மக்கள் கட்சி தனிவழி என்று முடிவெடுத்தது. கூட்டணி முடிந்தது.

தோல்விக் கதை என்று இதை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் இன்னும் இரண்டு மாதக் கதை பாக்கியிருக்கிறது.

ஜூன் 1 இரண்டாம் சுற்றில் ‘சட்டமும் நீதியும்’ ஆதரித்த கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 விழுக்காட்டில் வென்றிருந்தார். வாக்கு எண்ணிக்கையில் சில இடங்களில் பிழைகள் தெரியவந்ததும், பதவியேற்பைத் தள்ளிவை என்று ஆட்சித் தரப்பிலிருந்தே குரல்கள் எழுந்தன. புதிய குடியரசுத் தலைவருக்குப் பிரமாணம் செய்துவைக்கும் தேசியப் பேரவையைக் கூட்டவேண்டியவர் மார்ஷல். ஜூலை தொடக்கத்தில் அவர் கச்சின்ஸ்கியை இரவில் ஒரு வீட்டில் சந்தித்த செய்தி வெளியானது. கூட்டாளிகள் துரோகி என்றார்கள். தன்னை ஆட்சிக்கவிழ்ப்புக்குத் தூண்டினார்கள் என்று அவர் பதிலுக்குச் சொன்னது இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. ஆகஸ்ட் 6 அன்று அவர் பேரவையைக் கூட்டினார். தனக்கு வேண்டாத ஒருவர் பதவியேற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் இரண்டு ஆண்டுகள் முடிந்தன. ஒப்பந்தத்தில் எழுதியபடி பதவி விலகினார், ச்சஷாஸ்தி அந்த நாற்காலிக்கு வந்தார்.

மூன்றாம் வழி எங்கே போகிறது என்று கடைசிவரை அதற்கே தெரியவில்லை. அதனால் ஏமாந்தவர்கள், குறிப்பாக அந்த இளம்பெண்கள், அதை மன்னிக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அதே சமயம், 2023இல் ஒரு கதவைத் திறந்தது அதன் 65 இடங்கள்தான். 2025இல் தோற்ற பக்கத்தில் இருந்தபடியே, ஜெயித்தவருக்கு வழிவிட்டதும் அதன் தலைவர்தான். முதல் காரியத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். இரண்டாவதற்கு யாரும் வாக்களிக்கவில்லை, யாரும் நன்றியும் சொல்லவில்லை. நடுவில் நிற்பதற்கு ஏதாவது பொருள் உண்டென்றால், அது அந்த இரண்டாவது காரியத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.